யாருக்காகத் திருத்துகிறோம்?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை வேளை. பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் இளைஞன் ஒருவன் கையில் ஒரு தாள்கட்டுடன் என் வீட்டுக்கு வந்தான். அவன் பயிலும் கல்லூரியில் மாணவர் கருத்தரங்கு ஒன்று நடைபெறவிருந்தது. அவனுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரம் 10 நிமிடம். அவன் எழுதியிருந்ததோ 14 பக்கம்.

"ஐயா, இலக்கணப் பிழை இல்லாம திருத்தித் தரணும். கொஞ்சம் சுருக்கியும் தரணும்" என்றான்.

தமிழாசிரியனாக வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றிருக்கும் எனக்கு இதைவிடப் பழகிய வேலை வேறில்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். தலைப்பு, உப்பளத் தொழிலாளர் வாழ்வு. முதல் வாக்கியம் இவ்வாறு இருந்தது: "இன்றைய நவீன காலகட்டத்தில் உலகெங்கிலும் பரவலாகக் காணப்படுகின்ற பல்வேறு வகையான தொழில்களுள் உப்புத் தொழில் என்பது மிகவும் இன்றியமையாத ஒரு தொழிலாகத் திகழ்ந்து வருகின்றது என்று கூறினால் அது மிகையாகாது."

மொத்தம் 22 சொற்கள். இலக்கணப் பிழை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் அத்தனை சொற்களையும் கடந்து வந்த பின்னர் கேட்பவர் அறிந்துகொள்வது, உப்பு நமக்குத் தேவை என்பதை மட்டுமே. அதை அறியாதவர் அந்த அரங்கில் ஒருவரும் இருக்கமாட்டார். அடுத்த மூன்று பக்கங்களும் இப்படியே சென்றன. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"நீ உப்பளத்தைப் பார்த்திருக்கிறாயா, தம்பி?"

அவன் சற்றே தயங்கினான். "எங்க அம்மா அளத்துலதான் ஐயா வேலை பாக்காங்க. சின்ன வயசுல லீவு நாள்ல நானும் கூடப் போயிருக்கேன்" என்றான்.

அந்த 14 பக்கங்களில் அத்தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏன் எழுதவில்லை என்று வினவினேன்.

"அதெல்லாம் நல்ல தமிழ்ல வராதுன்னு நெனச்சேன், ஐயா."

அவன் சென்ற பிறகும் அந்த விடை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. நல்ல தமிழ் என்று இத்தனை ஆண்டுகளாக நாங்கள் கற்பித்தது எதை? பெற்ற தாயின் உழைப்புக்கு இடந்தராத ஒரு தமிழையா? பிழையின்றியும் சுருக்கமாகவும் பேசுதல் என்பது வெறும் மேடை நாகரிகமா, அல்லது அதற்கும் நம் மனச்சான்றுக்கும் தொடர்பு உண்டா? இக்கேள்வியை வாசகரோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

வழு என்னும் சொல்

நம் இலக்கண ஆசிரியர்கள் கையாளும் சொற்களைச் சற்று உற்று நோக்குவோம். சொல் நெறி தவறுவதை அவர்கள் 'வழு' என்றனர். ஒழுக்கத்திலிருந்து தவறுவதையும் 'வழுவுதல்' என்றே நாம் சொல்லுகிறோம். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாதவை பத்தினைக் 'குற்றம்' என்று பெயரிட்டு எண்ணுகிறது. வேண்டியவை பத்தினை 'அழகு' என்று எண்ணுகிறது. ஒழுக்கத்துக்குரிய 'குற்றம்' என்ற சொல்லையே வாக்கியத்துக்கும் வழங்கியிருப்பது சிந்திக்கத்தக்கது. பிறருக்குத் தீங்கு தருவதால் ஒரு செயல் குற்றமாகிறது. தெளிவற்ற வாக்கியமும் ஒருவருக்குத் தீங்கு செய்கிறது. அதை நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு.

ஆயினும் அவ்விலக்கணம் இரக்கமற்றதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் நேரக்கூடிய வழுக்களை வகுத்துக் காட்டியதோடு, 'வழுவமைதி' என்ற ஒன்றையும் அது ஏற்படுத்தி வைத்தது. வழுவே ஆயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவின்மீது கொண்ட அன்பினால் அதை அம்மையென்று அழைத்து, பெண்பாலுக்குரிய வினை கொடுத்துப் பேசுகிறவனை இலக்கணம் தண்டிப்பதில்லை. அவன் அறியாமையால் தவறவில்லை, உவப்பினால் எல்லை கடந்தான் என்று அமைதி காண்கிறது. ஆக, சட்டம் உண்டு. சட்டத்தின் நோக்கத்தை அறிந்த இரக்கமும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிக்காத ஆசிரியன் இலக்கணத்தில் பாதியைத்தான் கற்பிக்கிறான்.

'ஆள்' என்றும் 'ஒவ்வொருவர்' என்றும்

மறுநாள் மாலை அவனோடு அமர்ந்து தாள்களைத் தொடர்ந்து படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம்: "ஒரு அளத்தில் நாற்பது ஆட்கள் வேலை செய்கிறது."

இதில் இரண்டு பிழைகள் உள்ளன. 'ஓர் அளத்தில்' என்று வரவேண்டும் என்பது ஒன்று. அது ஓசை பற்றியது. திருத்தாமல் விட்டாலும் எவருக்கும் இழப்பில்லை. மற்றது வேறு வகையானது. 'ஆட்கள்' என்பது உயர்திணைப் பன்மை. 'செய்கிறது' என்பது அஃறிணை ஒருமை. "நாப்பது ஆள் வந்திருக்கு" என்று கணக்கெடுப்பவர் சொல்வதை வேலைத்தலங்களில் நாம் எங்கும் கேட்கலாம். மண்வெட்டி இத்தனை, கூடை இத்தனை, ஆள் இத்தனை என்று எண்ணும் வரிசையில் பிறந்த பேச்சு அது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் தாயும் அந்த நாற்பது பேருள் ஒருவர் என்பதை எண்ணாமலே அப்படியே எழுதிவிட்டான். இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் இலக்கணங்களுள் மிகப் பழையதாகிய தொல்காப்பியம், சொல்லதிகாரத்தைத் தொடங்கும்போதே மக்கள் அனைவரையும் உயர்திணையில் வைத்தது. உடையவர் இல்லாதவர் என்ற பிரிவினை அங்கே இல்லை. 'செய்கிறது' என்பதைச் 'செய்கின்றனர்' என்று மாற்றும்போது, அந்த நாற்பது பேரும் கூடைகளின் வரிசையிலிருந்து மீட்கப்படுகிறார்கள்.

அடுத்த பக்கத்தில், "ஒவ்வொரு தொழிலாளர்களும் கண் எரிச்சலால் அவதிப்படுகிறார்கள்" என்றிருந்தது. மேடைகளிலும் நாளிதழ்களிலும் நாள்தோறும் காணும் பிழை இது. 'ஒவ்வொரு' என்பதை அடுத்து ஒருமையே வரவேண்டும்: 'ஒவ்வொரு தொழிலாளியும்' எனலாம், அல்லது 'தொழிலாளர் ஒவ்வொருவரும்' எனலாம். ஏன் ஒருமை? 'ஒவ்வொரு' என்று சொல்லுகிறவன், கூட்டத்தைப் பொதுவாகப் பாராமல், ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தேன் என்று உறுதி கூறுகிறான். ஆகவே கேட்டேன்: "ஒவ்வொருவரையும் கேட்டாயா?"

"இல்லை ஐயா. அம்மாவோட வேலை பாக்குற ஆறு பேர்கிட்ட கேட்டேன். நாலு பேர் சொன்னாங்க."

பரந்த வெண்ணுப்பின் மீது பட்டுத் திரும்பும் வெயில் கண்ணுக்குத் தீங்கானது என்பது உண்மையே. எனினும் அவன் அறிந்தது நால்வர் சொன்னதை. "நான் கேட்ட ஆறு பெண்களுள் நால்வர் தமக்குக் கண் எரிச்சல் இருப்பதாகச் சொன்னார்கள்" என்று எழுதினோம். ஒருமை பன்மை பற்றிய சிறு ஐயம் எங்களை உண்மை பற்றிய பெரிய ஐயத்துக்கு அழைத்துச் சென்றது.

இன்னும் இரண்டு வாக்கியங்கள்: "கையுறை வழங்கப்படுவதில்லை." "கூலி பிடித்தம் செய்யப்படுகிறது." இவற்றில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் செய்தவர் இன்னார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடச் செயப்பாட்டுவினை இடம் தருகிறது. அலுவலகக் கடிதங்களில் அது பெருகிக் கிடப்பதற்கும் அதுவே காரணம். யார் வழங்குவதில்லை, யார் பிடிக்கிறார் என்று கேட்டேன். கையுறை தரவேண்டியவர் ஒப்பந்தக்காரர் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கூலியைக் குறைப்பவர் யார் என்பது தெரியவில்லை. தெரிந்ததை எழுவாயோடு எழுதினோம். தெரியாததை, 'யார் பிடிக்கிறார், எதற்காகப் பிடிக்கிறார் என்பது அப்பெண்களுக்கே தெரியவில்லை' என்று எழுதினோம். முதலில் இருந்ததைவிட இது வலிமை மிக்க வாக்கியமாயிற்று. இலக்கணம் சரியாக இருப்பது போதாது. அது யாரை மறைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சுருக்கத்தின் இரு கரைகள்

இனிச் சொற்சுருக்கத்துக்கு வருவோம். திருவள்ளுவர் 'பயனில சொல்லாமை' என்று தனி அதிகாரமே வகுத்தார். அதை அவர் வைத்த இடம் கருதத்தக்கது. சொல்வன்மையைப் பொருட்பாலில் வைத்தவர், பயனற்ற பேச்சை அறத்துப்பாலில், புறங்கூறாமைக்கும் தீவினையச்சத்துக்கும் நடுவே வைத்தார். வீண்சொல் என்பது திறமைக்குறைவு மட்டுமன்று, அறத்தில் நேரும் குறையும் ஆகும் என்பது இதனால் விளங்கும்.

இது மிகைபோலத் தோன்றலாம். எண்ணிப் பாருங்கள். அரங்கில் 60 பேர் அமர்ந்திருக்கும்போது ஒருவர் பயனின்றிப் பேசும் ஒரு நிமிடம், பிறருடைய வாழ்நாளில் மொத்தம் ஒரு மணி நேரமாகிறது. குறித்த நேரத்தைக் கடந்து பேசுகிறவன் தனக்குப் பின் வருபவனின் பங்கை எடுத்துக்கொள்கிறான். பட்டியலின் கடைசியில் பெயருள்ள, மேடைக்குப் பழகாத மாணவனுக்குத்தான் பெரும்பாலும், "நேரமில்லை, இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்" என்ற கட்டளை கிடைக்கிறது.

மாணவர் ஏன் சொற்களை அடுக்குகின்றனர்? செருக்கினால் அன்று; பெரும்பாலும் அச்சத்தினால். தாம் சொல்ல வந்தது சிறியது, அதற்கு மதிப்பிராது என்ற அச்சம். 'நவீன காலகட்டம்', 'என்று கூறினால் அது மிகையாகாது' என்பவை அவர்கள் இரவல் வாங்கி அணிந்துகொள்ளும் சட்டைகள். அவற்றைக் கழற்றச் சொல்லுகிறவர், உள்ளே இருப்பது மதிப்புடையது என்ற உறுதியையும் சேர்த்துத் தரவேண்டும்.

ஆனால் சுருக்கத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. நன்னூலின் குற்றப்பட்டியலில் முதலில் நிற்பவை இரண்டு: குன்றக் கூறல், மிகைபடக் கூறல். வேண்டியதற்குக் குறைவாகச் சொல்வதும் குற்றமே; கூடுதலாகச் சொல்வதும் குற்றமே. அழகுப் பட்டியலிலும் சுருங்கச் சொல்லல் முதலில் நிற்க, அதை அடுத்தே விளங்க வைத்தல் நிற்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது அழகாகாது.

இதை நாங்கள் கண்கூடாகக் கண்டோம். "நீயே சுருக்கிக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். அவன் சுருக்கிக்கொண்டு வந்தான். "நான் கேட்ட ஆறு பெண்களுள் நால்வர்" என்று நாங்கள் பாடுபட்டு எழுதியது, "பெண்கள்" என்று ஆகியிருந்தது. சொற்கள் குறைந்தன, கூற்றோ பெருகிவிட்டது. நால்வர் சொன்னது இப்போது உப்பளப் பெண்கள் எல்லாருடைய வாக்குமூலம் ஆயிற்று. 'சில', 'நான் பார்த்த வரையில்', 'இந்த ஆண்டில்' போன்ற சொற்கள் பார்வைக்குச் சிறியவை, வெட்டுவதற்கு எளியவை. ஆனால் நம் கூற்றுக்கு எல்லை வகுத்து நம்மைப் பொய்யிலிருந்து காப்பவை அவையே. ஆகவே ஒரு நெறியை அவனுக்கும் எனக்கும் வகுத்துக்கொண்டேன்: நம்மை அழகுபடுத்தும் சொல்லை வெட்டலாம், நம்மைக் கட்டுப்படுத்தும் சொல்லை வெட்டலாகாது.

அவன் எழுதியிருந்த புள்ளிவிவரப் பக்கத்தில் ஒரே செய்தியை விட்டுவைத்தோம். இந்திய மாநிலங்களுள் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. அதில் தூத்துக்குடி மாவட்டத்தின் பங்கே பெரியது. பேசப்படுவது ஓரிரு குடும்பங்களின் வாழ்வு அன்று என்பதைக் கேட்பவர் உணர அது போதுமானதாயிருந்தது.

என் குற்றம்

இதுவரை படித்தவர்கள், திருத்துகிறவன் எப்போதும் நன்மையே செய்கிறான் என்று நான் கூறுவதாக எண்ணிவிடக்கூடாது. எனவே பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

வகுப்பில் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று பணித்திருந்தேன். ஒரு மாணவியின் முறை வந்தது. அதுவரை அவள் வகுப்பில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. "எங்கள் தெருவில் இருந்த கிணறுகள் வற்றிப் போனது" என்று தொடங்கினாள். "போனதா, போயினவா?" என்று இடைமறித்தேன். வகுப்பு சிரித்தது. "வற்றிப் போயின" என்று திருத்திக்கொண்டாள். அடுத்த வாக்கியத்தில் 'குழாய்' என்பதைக் 'குளாய்' என்றாள். மீண்டும் நிறுத்தினேன். மீண்டும் சிரிப்பு. மூன்றாம் வாக்கியத்தை அவள் தொடங்கவே இல்லை. "அவ்வளவுதான் ஐயா" என்று சொல்லி அமர்ந்துவிட்டாள். படிப்பு முடியும் வரை அவள் மறுபடி பேச எழவில்லை.

அவள் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குழாய் இருந்தும் தண்ணீர் வரவில்லையா, குழாயே இல்லையா? மற்றத் தெருக்களுக்கு வந்ததா? நான் கேட்கவில்லை. கிணறுகள் வற்றிய செய்தி என் செவியில் விழவில்லை. வினைமுற்று மட்டுமே விழுந்தது. என் திருத்தங்கள் இரண்டும் இலக்கணப்படி சரியானவை. அதனாலேயே அது குற்றம் என்று உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இத்தகைய குற்றத்தை நன்கு அறிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். புனித அகுஸ்தினார் (354-430) ஆயராவதற்கு முன் கார்த்தேஜ், உரோமை, மிலான் நகரங்களில் பேச்சுக்கலை கற்பித்தவர். தம் வாழ்வை இறைவன் திருமுன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் முதற் பாகத்தில், தம் காலத்துக் கல்விமான்களைப் பற்றி அவர் கசப்போடு குறிப்பிடுகிறார். இலத்தீன் மொழியில் மனிதனைக் குறிக்கும் 'ஹோமோ' என்ற சொல்லை முதலிலுள்ள மூச்சொலி இல்லாமல் ஒருவன் உச்சரித்துவிட்டால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். மனிதன் ஒருவனை அவன் பகைத்தாலோ அவ்வளவு வருந்தமாட்டார்கள் என்பது அவர் காட்டும் முரண்பாடு. சொல்லைக் காத்து, அச்சொல் குறிக்கும் மனிதனைக் கைவிடும் கல்வி அது. என் வகுப்பறையில் அன்று நடந்ததும் அதுவே.

அதே அகுஸ்தினார் முதுமையில், 426ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த கிறிஸ்தவப் போதனை பற்றிய நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இலத்தீனில் 'ஒஸ்' என்று குறிலாக ஒலித்தால் எலும்பு. 'ஓஸ்' என்று நெடிலாக ஒலித்தால் வாய். அவர் வாழ்ந்த ஆப்பிரிக்கப் பகுதி மக்களின் செவிக்கு இந்தக் குறில் நெடில் வேறுபாடு எட்டவில்லை. எனவே எலும்பைக் குறிக்க, இலக்கணம் ஏற்காத 'ஒஸ்ஸும்' என்ற மக்கள் வழக்கைப் போதகர் கையாளத் தயங்க வேண்டாம் என்றார். கேட்பவருக்கு விளங்காத தூய மொழியால் யாருக்குப் பயன் என்பது அவர் வாதம். நம் இலக்கண நூலார் இதைக் கண்டிருந்தால் வழுவமைதியில் சேர்த்திருப்பார்கள்.

குறில் நெடில் பற்றிய இதே இடர்ப்பாட்டை, ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டில் மற்றொரு துறவி வேறு விதமாகத் தீர்த்தார். பழைய சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் கண்ணுக்கு வேறுபடாமல் மயங்கி நின்றன. வீரமாமுனிவர் (1680-1747) நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். 'கெடு' என்பதையும் 'கேடு' என்பதையும் இன்று சிறு குழந்தையும் மயங்காமல் படிக்கிறது. அகுஸ்தினார் கேட்பவருக்காக இலக்கணத்தைத் தளர்த்தினார். வீரமாமுனிவர் படிப்பவருக்காக எழுத்தை இன்னும் திட்டமாக்கினார். செயல் வேறு, நோக்கம் ஒன்று. எதிரே இருப்பவர் இடறி விழக்கூடாது என்பதே அந்த நோக்கம்.

பார்பியானாவின் மேசை

'இலக்கணம் என்பதே கற்றவர் எழுப்பிய வேலி. எளிய மாணவனை அவன் போக்கில் பேச விடுங்கள்' என்று சொல்வோர் உண்டு. கிணற்றைப் பற்றிப் பேச வந்த மாணவியை நினைக்கும்போது அவர்கள் சினத்தில் நியாயம் இருப்பதை நான் மறுக்க இயலாது. ஆயினும் அவர்கள் காணும் தீர்வை ஏற்க மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இத்தாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாறு.

புளோரன்ஸ் நகருக்கு வடகிழக்கே மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் சில வீடுகளே பார்பியானா. 1954ஆம் ஆண்டின் இறுதியில் அருள்திரு லொரென்சோ மிலானி என்ற குரு அங்கே அனுப்பப்பட்டார். பள்ளிகளில் தோல்வியுற்றுத் தள்ளப்பட்ட உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு பள்ளி நடத்தினார். தன் எண்ணத்தைச் சொல்லவும் பிறர் எண்ணத்தை விளங்கிக்கொள்ளவும் வல்ல மொழியே மனிதரைச் சமமாக்குகிறது என்பது அவர் கொள்கை. ஆதலால், ஏழைப் பிள்ளைகளுக்கு மொழி எதற்கு என்று அவர் விட்டுவிடவில்லை. முழு மொழியையும் அவர்கள் கையில் கொடுக்கப் பாடுபட்டார்.

1967ஆம் ஆண்டு மே மாதம், அப்பள்ளியின் மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூல் வெளிவந்தது. ஏழைப் பிள்ளைகளைத் தோல்வியுறச் செய்து வெளியே அனுப்பும் கல்விமுறையை அது கேள்வி கேட்டது. தாங்கள் எழுதிய முறையையும் அம்மாணவர்கள் அதில் விளக்கியிருக்கிறார்கள். சொல்லத்தக்க செய்தி ஒன்று இருக்க வேண்டும். அதை யாருக்குச் சொல்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். எண்ணங்களைத் தனித்தனித் தாள்களில் குறித்து, ஒரு நாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்புவார்கள். ஒரே எண்ணம் இருமுறை வந்திருந்தால் ஒன்றை நீக்குவார்கள். உறவுடையவற்றைச் சேர்த்து அடுக்குவார்கள். எழுதிய பின் பயனற்ற சொல் ஒவ்வொன்றையும் அகற்றுவார்கள். பேச்சில் தாம் வழங்காத சொல்லையும் அகற்றுவார்கள். நூல் வெளிவந்த சில வாரங்களில், ஜூன் 26 அன்று, மிலானி தம் 44ஆம் வயதில் இறந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜூன் 20 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

அந்தப் பிள்ளைகளின் நூலில் சொல் குறைவு, பிழை குறைவு. ஆனால் அவர்களுடைய வாழ்க்கை அதில் இருக்கிறது. வேலியைக் கண்டு அவர்கள் விலகி நிற்கவில்லை. மொழியைத் தமதாக்கிக்கொண்டு அதைக் கடந்தார்கள்.

நாங்களும் அந்த மேசையை முயன்று பார்த்தோம். 14 பக்கங்களையும் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி எங்கள் வீட்டு மேசைமேல் பரப்பினோம். உப்பின் இன்றியமையாமை மட்டும் ஒன்பது துண்டுகளில் இருந்தது. அவன் சிரித்துவிட்டான். எட்டு துண்டுகள் குப்பைக்கூடைக்குச் சென்றன. இறுதியில் எஞ்சியது மூன்றரைப் பக்கம்.

"ஐயா, 'அம்மா'ன்னு எழுதலாமா? 'தாயார்'னுதானே எழுதணும்?" என்று கேட்டான்.

"நீ எப்படி அழைப்பாய்?"

"அம்மான்னுதான்."

"அதில் என்ன வழு?" என்றேன்.

கட்டுரையின் முதல் வாக்கியம், "என் அம்மா 18 ஆண்டுகளாக உப்பளத்தில் வேலை செய்கிறார்" என்று ஆயிற்று.

மேடையேறுமுன் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் ஐந்தாம் வகுப்புவரையே படித்தவர் என்று தயங்கினான். அதற்காகத்தான் படித்துக் காட்ட வேண்டும் என்றேன். மறுநாள் அவன் கொண்டுவந்த தாளில் ஒரு சொல் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. "பெண்கள் விடியற்காலையில் வேலைக்குச் செல்கின்றனர்" என்று நாங்கள் எழுதியிருந்தோம். 'விடியற்காலையில்' என்பது 'விடியுமுன்' என்று மாறியிருந்தது. "விடிஞ்சா வெயில் ஏறிடும். அதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கணும்னு அம்மா சொன்னாங்க ஐயா" என்றான். அக்கட்டுரையில் நான் செய்த திருத்தங்கள் எத்தனையோ. இந்தத் திருத்தம் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கருத்தரங்கில் அவன் ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டான். பரிசு வேறொருவருக்குக் கிடைத்தது. ஆனால் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, கண் எரிச்சல் என்று சொன்ன அந்த நான்கு பெண்களும் மருத்துவரைப் பார்த்தார்களா என்று கேட்டாராம். பார்க்கவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் அவர்களை அழைத்து வர இயலுமா என்று கேட்டவர் மறுபடி கேட்டாராம். அவன் சொன்னது விளங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிள்ளைகளின் தாளைக் கையில் எடுக்கும் ஆசிரியரும் பெற்றோரும், மை தொடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நலம்: இந்தத் திருத்தம் யாருக்காக? கேட்பவர் விளங்கிக்கொள்வதற்காகவா? பேசப்படுகிறவர்களுக்கு நீதி கிடைப்பதற்காகவா? நம் புலமை வெளிப்படுவதற்காகவா? முதல் இரண்டுக்காக என்றால் ஒரு புள்ளியையும் விடாமல் திருத்தலாம். மூன்றாவதற்காக என்றால் பேனாவை மூடிவைத்துவிட்டு, பிள்ளை சொல்ல வந்ததை முதலில் கேட்கலாம்.

அந்த நான்கு பெண்களைப் பற்றி இன்று எனக்கு ஓரளவு தெரியும். கிணறுகள் வற்றிப்போன அந்தத் தெருவைப் பற்றித்தான் இன்றுவரை ஒன்றும் தெரியாது.